பாக்கெட் பிடிக்கும் கலை: இழப்பில்லாமல் பதிவு செய்வது எவ்வாறு?

கணிப்பொறிகளை இணைக்கும் வலைப்பின்னலில் கோளாறு நேர்ந்தால் அதனைக் கண்டறிய வழிகள் பல உண்டு. அவற்றுள் தலையாயது, கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளை அப்படியே பிடித்து எழுதி வைத்து, பிறகு ஆற அமரப் படித்துப் பார்ப்பதாகும். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீ பி.எஸ்.டி., லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இவ்வேலைக்கென டிசிபிடம்ப் என்னும் கருவி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1988-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் தோன்றியது அது. கணிப்பொறித் துறை மாணவர்கள் அதனை ஒரு முறையேனும் ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஓட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் வேகமான வலைப்பின்னலில் ஒன்றுகூடத் தவறாமல் பிடிப்பது எளிதன்று. கருவியை நிறுத்தியதும் அது மூன்று வரி எழுதிக் காட்டும்: பிடித்தவை இத்தனை, வடிகட்டிக்கு வந்தவை இத்தனை, கெர்னல் கைவிட்டவை இத்தனை. பலரும் முதல் வரியைப் பார்த்து மகிழ்ந்து போய்விடுகிறார்கள். இக்கட்டுரை மூன்றாம் வரியைப் பற்றியது.

1. பதிவு பொய் சொல்லுமா?

மாணவர் விடுதி ஒன்றில் இணைப்பு அடிக்கடி தடைப்படுகிறது என்று முறையீடு எழுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அரைமணி நேரம் பாக்கெட்டுகளைப் பிடித்து, பதிவைப் படித்து, 'நடுவில் பல பாக்கெட்டுகளைக் காணோம். ஆகவே கம்பியிலேதான் குறை' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். கம்பி மாற்றப்படுகிறது, ஸ்விட்ச் மாற்றப்படுகிறது. கோளாறோ மாறவில்லை. ஏன்? காணாமற்போன பாக்கெட்டுகள் கம்பியில் காணாமற்போகவில்லை. பிடிக்கும் கணிப்பொறியின் உள்ளேயே காணாமற்போயின. சாட்சி கண்ணயர்ந்த நேரத்தில் நடந்ததையெல்லாம் 'நடக்கவில்லை' என்று சொல்லிவிட்டான்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. டி.சி.பி. முறையில் அனுப்புபவர் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் இடுகிறார். பெறுபவர் 'அடுத்து இந்த எண்ணை எதிர்பார்க்கிறேன்' என்று ஒப்புகை அனுப்புகிறார். பதிவில் 1 முதல் 1000 வரையுள்ள பைட்டுகள் இருக்கின்றன. 2001 முதல் 3000 வரை இருக்கின்றன. நடுவில் 1001 முதல் 2000 வரை இல்லை. அப்போது பெறுபவரின் ஒப்புகையைப் பாருங்கள். அவர் '3001-ஐ எதிர்பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால் நடுப்பகுதி அவருக்குக் கிடைத்துவிட்டது என்பது உறுதி. தவறவிட்டது நம் கருவியே! மாறாக அவர் '1001, 1001, 1001' என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அனுப்புபவரும் அப்பகுதியை மீண்டும் அனுப்பியிருந்தால், அது வழியில் நேர்ந்த உண்மையான இழப்பு.

பிடிக்கும் வேகத்தை உயர்த்துவது வெறும் வேகப் போட்டியன்று. பதிவின் நாணயத்தைக் காக்கும் வேலை என்பது இதனால் விளங்கும்.

2. கணக்கு என்ன சொல்லுகிறது?

முதற்கண் பளுவை அளந்துகொள்வோம். ஈதர்நெட்டில் மிகச் சிறிய சட்டம் 64 பைட்டு. அதற்கு முன்னே 8 பைட்டு முன்னுரை. பின்னே 12 பைட்டு இடைவெளி. ஆக 84 பைட்டு, அஃதாவது 672 பிட். வினாடிக்கு 100 கோடி பிட் செல்லும் ஒரு கிகாபிட் இணைப்பில் இத்தகைய சிறு பாக்கெட்டுகள் வினாடிக்கு 14,88,095 வரை வரக்கூடும். பத்து கிகாபிட் இணைப்பில் அது 1,48,80,952 ஆகிவிடும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நமக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ வினாடி. ஒரு நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலிக்கு அது ஏறக்குறைய 200 துடிப்புகளே. முதன்மை நினைவகத்தை ஒரு முறை தொட்டு மீளவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் சென்றுவிடும்.

பெரிய பாக்கெட்டுகளாயின் நிலைமை வேறு. 1518 பைட்டுச் சட்டங்கள் ஒரு கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 81,274 மட்டுமே வரும். கம்பி இரண்டு நிலையிலும் நிரம்பித்தான் இருக்கிறது; பைட்டுக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எண்ணிக்கையில் பதினெட்டு மடங்கு வேறுபாடு. செயலியின் உழைப்பு பெரும்பாலும் பாக்கெட்டின் நீளத்தைப் பொறுத்ததன்று, எண்ணிக்கையைப் பொறுத்தது. நூறு மணங்கு நெல்லை ஒரே வண்டியில் கொண்டுவருவதற்கும், நூறு பேர் தனித்தனியே தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஒவ்வொருவரும் கணக்கரிடம் பெயர் எழுதிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. கணக்கரின் கை ஓய்வது நெல்லின் எடையால் அன்று, பெயர்களின் எண்ணிக்கையால்.

ஆகவே இக்கலையின் அடிப்படை விதி ஒன்றே: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செய்யும் வேலையைக் குறைக்க வேண்டும். இனி வரும் முறைகள் யாவும் இவ்விதியின் கிளைகளே.

3. பாக்கெட் நடந்து வரும் வழி

பாக்கெட் கம்பியிலிருந்து நம் கோப்புக்கு வந்து சேர்வதற்குள் நான்கு வாயில்களைக் கடக்கிறது. ஒவ்வொரு வாயிலிலும் இழப்பு நேரக்கூடும்.

முதலாவது, ஸ்விட்ச். பிறருடைய போக்குவரத்தைக் காண ஸ்விட்சில் ஒரு துறையை 'மிர்ரர்' துறையாக அமைப்பார்கள். ஒரு கிகாபிட் இணைப்பில் போகும் திசை ஒன்று, வரும் திசை ஒன்று. இரண்டும் நிரம்பினால் மொத்தம் இரண்டு கிகாபிட். அதனை ஒரு கிகாபிட் துறையின் வழியே நமக்கு அனுப்பச் சொன்னால் பாதி ஸ்விட்சிலேயே விழுந்துவிடும். நம் கணிப்பொறியில் எத்தனை சீர்திருத்தம் செய்தாலும் அது திரும்பி வராது.

இரண்டாவது, வலைப்பின்னல் அட்டை. அட்டை தான் பெற்ற பாக்கெட்டுகளை நினைவகத்தில் வட்டமாக அமைந்த ஒரு வரிசையில் இடுகிறது. அதில் 1024 இடங்கள் இருப்பதாகக் கொண்டால், சிறு பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வரும்போது ஒரு கிகாபிட்டில் 688 மைக்ரோ வினாடியில் வரிசை நிரம்பிவிடும். அதற்குள் கெர்னல் வந்து எடுக்காவிட்டால் அடுத்தவை இழப்பே.

மூன்றாவது, கெர்னலின் பஃபர். வடிகட்டியில் தேறிய பாக்கெட்டுகள் இங்கே தங்கிக் காத்திருக்கும். நம் நிரல் வந்து வாரிக்கொண்டு போகாவிட்டால் பஃபர் வழிந்துவிடும். டிசிபிடம்ப் காட்டும் 'கெர்னல் கைவிட்டவை' என்ற எண் முக்கியமாக இவ்வாயிலைப் பற்றியது.

நான்காவது, நம் நிரலும் வட்டும். பாக்கெட்டை வாங்கியபின் அதனை எழுதும் வேகம் போதாவிட்டால் நிரல் பின்தங்கும். பின்தங்கினால் மூன்றாம் வாயில் வழியும். ஆகவே குற்றம் நான்காவதில் இருந்தாலும் இழப்பு மூன்றாவதில் தோன்றும். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

4. முதலில் அளவிடுக

மருந்துக்கு முன் நோயறிதல் வேண்டும். ஸ்விட்சின் எண்ணிகளை அதன் நிர்வாகியிடம் கேட்டுப் பெறலாம். அட்டையின் இழப்பை ஃப்ரீ பி.எஸ்.டி.யில் நெட்ஸ்டாட் கட்டளை காட்டும். லினக்ஸில் ஈத்டூல் காட்டும். ஃப்ரீ பி.எஸ்.டி.யில் நெட்ஸ்டாட்டைப் பெரிய 'பி' எழுத்துடன் ஓட்டினால், பாக்கெட் பிடிக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் வந்தவை, கைவிட்டவை, வடிகட்டியில் தேறியவை எத்தனை என்று தனித்தனியே காணலாம்.

நான்காம் வாயிலைச் சோதிக்க ஓர் உத்தி உண்டு. பதிவை வட்டிலுள்ள கோப்புக்கு எழுதாமல், எதையும் விழுங்கிவிடும் வெற்றுச் சாதனக் கோப்புக்கு எழுதச் சொல்லுங்கள். அப்போது இழப்பு மறைந்துவிட்டால் குற்றவாளி வட்டே. மறையாவிட்டால் மேலே தேட வேண்டும். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் புதிய கணிப்பொறி கேட்டு விண்ணப்பம் எழுதுவது வீண்.

5. வேண்டாததை வாசலிலேயே நிறுத்துக

பிடிக்க வேண்டிய பாக்கெட்டுகள் எவை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவற்றுக்காக உழைக்க வேண்டியதில்லை. இக்கருத்து பழையதே. 1987-இல் மோகல், ரஷீத், அக்செட்டா ஆகிய மூவரும் கெர்னலுக்குள் இருந்து வேலை செய்யும் பாக்கெட் வடிகட்டியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பின்னர் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் இருவரும் பி.எஸ்.டி. பாக்கெட் வடிகட்டி என்னும் பி.பி.எஃப். முறையை வகுத்து, 1993 ஜனவரியில் நடந்த யூஸ்னிக்ஸ் மாநாட்டில் விளக்கினர்.

அவர்கள் செய்த மாற்றங்கள் இரண்டு. முந்தைய வடிகட்டி அடுக்கு முறையில் கணக்கிட்டது. அதற்கு நினைவகத்தைத் தொடும் வேலை மிகுதி. பி.பி.எஃப். அதனை விடுத்து, அக்காலச் செயலிகளுக்கு ஏற்ற பதிவேட்டு முறையைக் கைக்கொண்டது. இது முதல் மாற்றம். இரண்டாவது அதனினும் எளியது. அக்காலத்தில் சன் நிறுவனத்தின் இயங்குதளத்தில் இருந்த 'நிட்' என்னும் அமைப்பு, பாக்கெட்டை முதலில் படியெடுத்து, பிறகு வேண்டுமா வேண்டாமா என்று ஆராய்ந்தது. பி.பி.எஃப்., பாக்கெட் இருந்த இடத்திலேயே ஆராய்ந்து, வேண்டியதை மட்டும் படியெடுத்தது. பயன் என்ன? வடிகட்டும் வேலை பழைய முறையைவிட 20 மடங்கு வரையிலும், மொத்த வேலை நிட்டைவிட 100 மடங்கு வரையிலும் விரைவாயிற்று என்று அவர்கள் அளந்து காட்டினர். அதே கணிப்பொறி, அதே கம்பி. மாறியது வேலையின் வரிசை மட்டுமே!

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று: எல்லாவற்றையும் பிடித்துப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். ஆராய வேண்டிய கணிப்பொறியின் முகவரியையோ துறை எண்ணையோ வடிகட்டியாகக் கட்டளையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு: முழுப் பாக்கெட் வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள். கோளாறு தேடுவதற்குப் பெரும்பாலும் தலைப்பகுதி போதும். டிசிபிடம்ப் கருவிக்குச் சிறிய 'எஸ்' எழுத்துடன் 96 என்று சொன்னால், ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டுகளை மட்டும் எழுதும். மேலே கண்ட 81,274 பெரிய பாக்கெட்டுகளை முழுமையாக எழுதினால், ஒவ்வொன்றுக்கும் உரிய 16 பைட்டுக் குறிப்பையும் சேர்த்து, வினாடிக்கு 12.4 கோடி பைட்டு ஆகும். தலைப்பகுதி மட்டுமாயின் 91 லட்சம் பைட்டே. பதினான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்! கடித உறையை மட்டும் பார்த்து முகவரி அறிய வேண்டியவர், கடிதத்தை முழுதும் படியெடுப்பானேன்?

6. ஏரியும் மதகும்

பஃபரைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். இது பாதி உண்மை. எது அந்தப் பாதி என்று காண்போம்.

ஃப்ரீ பி.எஸ்.டி.யின் பி.பி.எஃப். முறையில் ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு பஃபர்கள் உண்டு. ஒன்றில் கெர்னல் பாக்கெட்டுகளை நிரப்பிக்கொண்டிருக்கும். நிரம்பியது நிரலுக்காகக் காத்திருக்கும். நிரல் வந்து ஒரே அழைப்பில் முழுவதையும் வாரிக்கொண்டதும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கெர்னலை அழைக்காமல், ஒரு கூடை நிறைய ஒரே முறையில் வாங்குவதால் செலவு குறைகிறது. இரண்டு பஃபர்களும் நிரம்பியிருக்கையில் வருவன வழிந்துபோகும்.

இப்பஃபரின் அளவுக்கு அந்த இயங்குதளம் விதித்திருக்கும் வழக்கமான மேல்வரம்பு 5,24,288 பைட்டு. நிரம்பிய கிகாபிட் இணைப்பு வினாடிக்கு 12.5 கோடி பைட்டு கொண்டுவருமாதலால், ஒரு பஃபர் ஏறக்குறைய 4.2 மில்லி வினாடியில் நிறைந்துவிடும். வட்டு ஒரே ஒரு முறை 50 மில்லி வினாடி தயங்கினால் அதற்குள் 62.5 லட்சம் பைட்டு வந்து குவியும். அதைத் தாங்க எட்டு மெகாபைட் பஃபராவது வேண்டும். டிசிபிடம்பில் பெரிய 'பி' எழுத்தால் பெரிய பஃபர் கேட்கலாம். ஆனால் கேட்ட அளவு மேல்வரம்பைத் தாண்டினால் கெர்னல் ஓசையின்றி மேல்வரம்போடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே சிஸ்கண்ட்ரோல் வழியே பி.பி.எஃப். மேல்வரம்பை முன்னதாக உயர்த்திவிட்டுப் பிறகே கேட்க வேண்டும். கேட்டேன், பயனில்லை என்று சலித்துக்கொள்பவர் பலர் இப்படியைத் தாண்டியிருக்கமாட்டார்.

இனி மற்றப் பாதி. ஏரி எவ்வளவு பெரிதாயினும் வரத்து மிகுந்து மதகு சிறுத்திருந்தால் ஒரு நாள் கலிங்கு வழிந்தே தீரும். வினாடிக்கு 125 மெகாபைட் வருகிறது. வட்டு 100 மெகாபைட்தான் எழுதும் என்று கொள்வோம். வினாடிதோறும் 25 மெகாபைட் தேங்கும். ஆயிரம் மெகாபைட் பஃபர் கொடுத்தாலும் 40 வினாடியில் நிறைந்துவிடும். அதன் பிறகு பஃபர் இருந்தும் இல்லாததற்குச் சமம். திடீர் வெள்ளத்தைத் தாங்குவது ஏரியின் தொழில். இடைவிடாத வெள்ளத்தைக் கடத்துவது மதகின் தொழில். ஒன்றன் வேலையை மற்றொன்றின் தலையில் சுமத்தலாகாது.

7. ஓயாத மணியோசை

பாக்கெட் வந்தவுடன் அட்டை செயலியைத் தட்டி எழுப்புகிறது. இதற்கு இண்டரப்ட் என்று பெயர். செயலி தான் செய்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருகிறது. போக்குவரத்துக் குறைவாக இருக்கையில் இது நல்ல ஏற்பாடு. வினாடிக்குப் பத்து லட்சம் முறை மணி அடித்தாலோ? வாசலுக்கு ஓடிக் கடிதம் வாங்குவதிலேயே பொழுது போய்விடும். வாங்கிய கடிதத்தைப் பிரித்துப் படிக்க நேரமே இராது. பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டே இருந்தும் பயனுள்ள வேலை ஒன்றும் நடவாத இந்நிலையை ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்து தீர்வும் கூறினர். வரத்து மிகுந்தபோது மணியை நிறுத்திவிட்டு, கெர்னலே அவ்வப்போது வாசலுக்குச் சென்று, ஓர் அளவுக்கு மிகாமல் அள்ளி வர வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. லினக்ஸில் 'நாப்பி' என வழங்கும் முறை இவ்வழியைச் சார்ந்ததே.

இக்கால அட்டைகள் தாமாகவே பல பாக்கெட்டுகளுக்குச் சேர்த்து ஒரே மணி அடிக்க வல்லவை. அந்த இடைவெளியைக் கூட்டினால் செயலியின் பளு குறையும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பாக்கெட் வந்த நேரத்தைக் கெர்னல் குறிக்குமாயின், அட்டையில் காத்திருந்தவை எல்லாம் ஒரே கணத்தில் வந்தவை போலத் தோன்றும். இழப்பை ஆராய்பவருக்கு இதனால் குறையில்லை. தாமதத்தை ஆராய்பவருக்கு இது நஞ்சு.

இது போன்ற இன்னொரு பொறி, அட்டையோ கெர்னலோ பல பாக்கெட்டுகளை ஒட்டி ஒன்றாக்கும் ஏற்பாடு. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் எல்.ஆர்.ஓ. என்றும், லினக்ஸில் ஜி.ஆர்.ஓ. என்றும் வழங்குவது அது. எண்ணிக்கை குறைவதால் வேலை குறையும்; ஆயினும் கம்பியில் ஒருபோதும் ஓடாத பெரிய பாக்கெட்டுகள் பதிவில் காணப்படும். கம்பியில் நடந்ததை நடந்தபடியே காண விரும்புவோர் இதனை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பதிவு விரைவாக இருப்பதினும் உண்மையாக இருப்பது முதன்மை.

8. படியெடுக்கும் வேலையை ஒழித்தல்

வழக்கமான முறையில் ஒரு பாக்கெட் அட்டையின் வரிசையிலிருந்து கெர்னல் பஃபருக்கும், அங்கிருந்து நிரலின் நினைவகத்துக்கும் படியெடுக்கப்படுகிறது. இடையிலுள்ள படிகளை நீக்க முடியுமா? முடியும். கெர்னலும் நிரலும் ஒரே நினைவகப் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டால், கெர்னல் எழுதுவதை நிரல் அங்கேயே படித்துக்கொள்ளும். லினக்ஸின் பாக்கெட் சாக்கெட்டில் இத்தகைய வட்ட வரிசை உண்டு. லிப்பிகேப் நூலகம் அதனைத் தானாகவே பயன்படுத்துகிறது. ஃப்ரீ பி.எஸ்.டி.யின் பி.பி.எஃப். முறையிலும் படியெடுக்காத வழி ஒன்று இருக்கிறது. ஆயினும் அது இயல்பாக இயங்காது, நாமே இயக்கிவிட வேண்டும்.

இத்துறையில் இத்தாலியின் பைசா நகருக்குச் சிறப்பிடம் உண்டு. கலிலியோ பிறந்த அவ்வூரிலிருந்து லூக்கா டெரி 2004-இல் பி.எஃப். ரிங் என்னும் முறையை லினக்ஸுக்கு அளித்தார். பைசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்சோ ஃப்ரீ பி.எஸ்.டி.க்காக நெட்மேப் என்னும் அமைப்பை ஆக்கி, 2012-இல் அதனை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அட்டையின் வரிசையையே பாதுகாப்புடன் நிரலின் பார்வைக்குக் கொண்டுவருதல், நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தல், ஒரே அழைப்பில் பல பாக்கெட்டுகளைக் கையாளுதல் ஆகிய மூன்றே அதன் சாரம். 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய ஒரே ஒரு செயலிக் கருவைக் கொண்டு, பத்து கிகாபிட் இணைப்பின் முழு அளவாகிய வினாடிக்கு 1.488 கோடி பாக்கெட்டுகளை அவர் கையாண்டு காட்டினார். அந்நாளைய செயலிகளுள் அது மிக மெதுவான வேகம். வேகமான பொறி வாங்குவதொன்றே வழி என்பாருக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நெட்மேப் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டால், அவ்வட்டை அதுவரை செய்துவந்த வழக்கமான வலைப்பின்னல் வேலை தடைப்படும். ஆகவே பிடிப்பதற்கெனத் தனி அட்டை வைத்துக்கொள்ளுதல் நலம்.

லினக்ஸில் 2018 முதல் ஏ.எஃப். எக்ஸ்.டி.பி. என்னும் வழியும் உண்டு. பெர்க்லியில் விதைத்த பி.பி.எஃப். விதை வளர்ந்து விட்ட கிளைகளுள் அதுவும் ஒன்று.

9. சிறு துளிகள்

பெரிய சீர்திருத்தங்களுக்குப் போகுமுன் செலவில்லாத சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம்.

முகவரிகளைப் பெயர்களாக மாற்றிக் காட்டும் வேலையைச் சிறிய 'என்' எழுத்தால் நிறுத்துங்கள். இல்லையேல் பெயர் தேடப் போகும் கேள்வியும் அதற்கு வரும் விடையும் தாமே பாக்கெட்டுகளாகிப் பதிவில் ஏறும். நிரலும் விடை வரும்வரை காத்து நிற்கும்.

பாக்கெட்டுகளைத் திரையில் காட்டாமல் சிறிய 'டபிள்யூ' எழுத்தால் கோப்பில் எழுதுங்கள். தொலைவிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியே வேலை செய்பவர் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். திரையில் ஒரு வரி தோன்றினால் அது ஒரு பாக்கெட்டாகிப் போகும், அப்பாக்கெட்டும் பிடிபடும், அதற்காக இன்னொரு வரி தோன்றும். தன் நிழலைத் துரத்தும் கதைதான்! உங்கள் இணைப்பின் 22-ஆம் துறையை வடிகட்டியில் விலக்கிவிடுங்கள்.

வட்டைப் பொறுத்தமட்டில், பதிவுக்கெனத் தனி வட்டு இருப்பது நன்று. நீண்ட நேரம் பிடிப்பதாயின் கோப்புகளை அளவாகப் பிரித்து எழுதச் செய்யுங்கள். படித்து ஆராயும் வேலையைப் பிடிக்கும் நேரத்திலேயே செய்யாதீர்கள். அறுவடையின்போதே சோறாக்க வேண்டியதில்லை.

10. உரிமையும் பொறுப்பும்

கம்பியில் ஓடுவது வெறும் பிட்டுகள் அல்ல. பிறருடைய கடிதங்கள், பேச்சுகள், தேடல்கள். வலைப்பின்னலின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி அவற்றைப் படியெடுப்பது முறையன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவும் அதனைத் தடுக்கிறது. வளாக வலைப்பின்னலில் சோதனை செய்ய விரும்புவோர் முதலில் பொறுப்பாளரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெறுக. தலைப்பகுதியை மட்டும் பிடிக்கும் பழக்கம் இவ்வகையிலும் உதவும்: தேவையற்ற பிறர் செய்தி நம் கைக்கே வராது. ஆயினும் எவர் எவருடன் தொடர்பு கொண்டார் என்பது தலைப்பகுதியிலும் தெரியுமாதலால் அதனையும் காத்து வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுதல் கடமை.

11. செய்து பார்க்க ஒரு பயிற்சி

அனுமதிக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்களுடையவையான இரண்டு கணிப்பொறிகளை ஒரே கம்பியால் நேரே இணையுங்கள். ஒன்றிலிருந்து பத்து லட்சம் சிறு பாக்கெட்டுகளை அனுப்புங்கள். நெட்மேப்புடன் வரும் பாக்கெட் ஆக்கி இதற்கு உதவும். மற்றொன்றில் பிடித்து எண்ணுங்கள். அனுப்பிய எண் தெரியுமாதலால் இழந்த எண்ணும் ஐயத்திற்கிடமின்றித் தெரியும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக: பஃபரின் அளவு, பிடிக்கும் நீளம், எழுதும் இடம், மணியின் இடைவெளி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று முறை ஓட்டி, எண்களை அட்டவணையாக எழுதுக. இரண்டை ஒருசேர மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று அறிய முடியாது.

இறுதியாக ஒன்று. இத்தனையும் செய்த பிறகும் சில வேளை இழப்பு நேரும். நேர்வது குற்றமன்று, மறைப்பதே குற்றம். பழைய பிகேப் கோப்பு வடிவில் இழப்பின் எண்ணை எழுத இடமே இல்லை, பிகேப்-என்.ஜி. என்னும் புதிய வடிவில் உண்டு. எவ்வடிவாயினும், கருவி இறுதியில் காட்டும் மூன்று வரிகளையும் பதிவோடு சேர்த்துக் குறித்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'இத்தனை கண்டேன், இத்தனை காணத் தவறினேன்' என்று இரண்டையும் சொல்லுகிற சாட்சியின் சொல்லுக்கே மன்றத்தில் மதிப்புண்டு. பொறியியல் மாணவன் எழுதும் பதிவும் அத்தகையதாகவே இருத்தல் வேண்டும்.